கார் மேல் கீறலா? தேய்க்காதீர்கள், சூடு காட்டுங்கள்!

புதுக் கார் வாங்கியவருக்கு இரண்டு கவலைகள். ஒன்று, மாதத் தவணை. மற்றொன்று, கீறல். தவணைக்கு முடிவு உண்டு. ஐந்து வருஷமோ ஏழு வருஷமோ கட்டினால் தீர்ந்துவிடும். கீறலுக்கு முடிவே கிடையாது! கடைவீதியில் உரசிக்கொண்டு போகும் சைக்கிள், பக்கத்தில் வந்து நிற்கும் ஸ்கூட்டரின் கைப்பிடி, பானட் மேல் ஏறிப் படுக்கும் பூனை, நெடுஞ்சாலையில் லாரிச் சக்கரம் வாரி இறைக்கும் ஜல்லி, எல்லாமே அந்தப் பளபளப்புக்கு விரோதிகள்.

இந்த விரோதிகளைச் சமாளிப்பதற்காக இப்போது பலர் காருக்கு ஒரு கண்ணாடிச் சட்டை மாட்டுகிறார்கள். "பெயிண்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்" என்பது அதன் முழுப் பெயர். கடைக்காரர்கள் சுருக்கமாகப் "பி.பி.எஃப்." என்கிறார்கள். பெயிண்டின் மேல் ஒட்டப்படும் நிறமற்ற படலம் அது. ஒட்டியிருப்பதே கண்ணுக்குத் தெரியாது. ஆனால் பணப்பைக்குத் தெரியும்! கார் முழுவதும் ஒட்டுவதென்றால் செலவு லட்ச ரூபாயைத் தொடும். பெரிய கார், உயர்ந்த ரகம் என்றால் அதையும் தாண்டும்.

இவ்வளவு செலவழித்து ஒட்டிய படலத்தின் மீதே ஒரு நாள் கீறல் விழுந்துவிட்டால்?

பதறிப் போகிறவர்களே அதிகம். பதற்றத்தில் துணியை எடுத்துத் தேய்க்கிறார்கள். போகவில்லை என்றதும் கடையிலிருந்து பாலிஷ் வாங்கி வந்து இன்னும் அழுத்தித் தேய்க்கிறார்கள். சும்மா விட்டிருந்தால் தானே மறைந்திருக்கக்கூடிய கீறல், அழியாத வடுவாகிவிடுகிறது!

தானே மறையுமா? மறையும். அதுதான் இந்தப் படலத்தின் விசேஷம். எந்தக் கீறல் மறையும், எது மறையாது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். பணமும் மிஞ்சும், மனஸ்தாபமும் மிஞ்சாது.

யுத்தத்தில் பிறந்த சட்டை

இந்தப் படலம் முதலில் காருக்காகத் தோன்றியது அல்ல. 1960-களில், வியட்நாம் யுத்த காலத்தில், அமெரிக்க ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. தரையிறங்கும்போது எழும் மணலும் கற்துகள்களும் சுழலும் இறக்கைகளை அரித்தன. இறக்கையின் மேல் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, அடியைத் தான் வாங்கிக்கொள்ளும் ஒரு மெல்லிய உறை தேவைப்பட்டது. அமெரிக்காவின் 3எம் கம்பெனி அப்படிப்பட்ட யூரித்தேன் படலத்தைத் தயாரித்தது. பிற்பாடு அது பந்தயக் கார்களுக்கு வந்தது. அங்கிருந்து வீட்டுக் கார்களுக்கும் வந்து சேர்ந்தது.

யூரித்தேன் என்றால் ஏதோ புதுப் பொருள் என்று எண்ண வேண்டாம். 1937-ல் ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன விஞ்ஞானியும் அவருடைய சகாக்களும் கண்டுபிடித்த பாலியூரித்தேன் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் அது. நாம் படுக்கும் ஃபோம் மெத்தை, காலில் போடும் செருப்பின் அடிப்பாகம், எல்லாம் அந்தக் குடும்பத்து உறவினர்களே!

காரில் ஒட்டும் படலத்தின் கனம் சாதாரணமாக 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். இது அற்பமாகத் தோன்றலாம். ஆனால் தொழிற்சாலையில் அடிக்கும் அசல் பெயிண்ட், எல்லாப் பூச்சுகளும் சேர்ந்தே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். ஆகவே சட்டை, உடலின் தோலைவிடக் கனமானது!

இந்தப் படலத்தில் மூன்று அடுக்குகள் உண்டு. அடியில் இருப்பது பசை. நடுவில் இருப்பது ரப்பரைப் போல் இழுபடும் பாலியூரித்தேன். உச்சியில் மிக மெல்லிய ஒரு மேற்பூச்சு. அதன் கனம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்குதான். கீறலை ஆற்றும் சக்தி முக்கியமாக இந்த மேற்பூச்சில்தான் அடங்கியிருக்கிறது. இதைத்தான் பாலிஷ் போட்டுத் தேய்த்துத் தீர்த்துவிடுகிறார்கள்!

இலவம் பஞ்சு மெத்தையைப் போல

கீறல் எப்படித் தானே ஆறுகிறது? மந்திரம் ஒன்றும் இல்லை.

இலவம் பஞ்சு மெத்தையை எல்லோரும் பார்த்திருப்பார்கள். பல நாள் படுத்தால் அமுங்கிப் போகும். மொட்டை மாடியில் நல்ல வெயிலில் போட்டு எடுத்தால் மறுபடி உப்பி எழும். பஞ்சு எங்கும் போய்விடவில்லை. அமுங்கி இருந்தது, அவ்வளவுதான்.

மேற்பூச்சிலும் ஏறக்குறைய இதே கதைதான். அதன் அணுத்தொடர்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பின்னிய வலை போன்றவை. மெல்லிய கீறல் விழும்போது பொருள் எதுவும் சுரண்டப்பட்டுப் போவதில்லை. வலை அமுங்கி, ஒரு பக்கம் ஒதுங்குகிறது. குளிர்ச்சியில் அது அப்படியே விறைத்து நிற்கும். உஷ்ணம் பட்டதும் இளகுகிறது; கொக்கிகள் பழைய இடத்துக்கே இழுக்கின்றன. பள்ளம் மேடாகிச் சமதளமாகிவிடுகிறது. கீறல் மறைகிறது!

ஆனால் மெத்தை கிழிந்துவிட்டால்? எத்தனை நாள் வெயிலில் போட்டாலும் வெயில் தைத்துக் கொடுக்காது. படலமும் அப்படியே. சாவியாலோ ஆணியாலோ அழுத்திக் கிழித்த கோடு, பொருளையே வெட்டிக்கொண்டு போயிருக்கும். அதைச் சூடு ஆற்றாது.

காரின் பெயிண்டுக்கே இந்தக் குணத்தைக் கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஜப்பானின் நிசான் கம்பெனி, டோக்கியோ சர்வகலாசாலையோடும் நிப்பான் பெயிண்ட் கம்பெனியோடும் சேர்ந்து, கீறலை ஆற்றிக்கொள்ளும் மேற்பூச்சு ஒன்றை 2005-ல் வெளியிட்டது. கீறலின் ஆழத்தையும் வெப்பநிலையையும் பொறுத்து, ஆறுவதற்கு ஒரு நாளிலிருந்து ஒரு வாரம் வரை ஆகும் என்று அந்தக் கம்பெனி அறிவித்தது. சூடு கூடினால் நாள் குறையும் என்பதே இதன் பொருள்.

நகம் சொல்லும் உண்மை

வைத்தியர் நாடி பார்த்த பிறகுதான் மருந்து கொடுப்பார். இங்கும் முதலில் நாடி பார்க்க வேண்டும்.

முதல் காரியம், காரை நன்றாகக் கழுவ வேண்டும். கீறல் என்று நினைத்தது பல சமயம் அழுக்குக் கோடாகவோ, உரசிய வண்டியின் பெயிண்ட் ஒட்டியதாகவோ இருக்கும். கழுவாமல் சூடு காட்டவும் கூடாது. மேற்பூச்சு இளகும் சமயத்தில் பள்ளத்தில் கிடக்கும் மண் அங்கேயே தங்கிவிடலாம்.

அடுத்து, விரல் நகத்தைக் கீறலின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நகம் தடையின்றி வழுக்கிக்கொண்டு போனால் கீறல் மேலோட்டமானது; சூட்டில் மறைய நல்ல வாய்ப்பு உண்டு. நகம் லேசாகத் தட்டினால் சந்தேகக் கேஸ், ஓரளவு குறையலாம். நகம் மாட்டிக்கொண்டு நின்றால் படலம் வெட்டுப்பட்டுவிட்டது என்று அர்த்தம்.

மற்றொரு விஷயமும் உண்டு. சில கோடுகள் கண்ணுக்குத் தெரியும். நகத்துக்குத் தட்டவே தட்டாது. எவ்வளவு சூடு காட்டினாலும் போகாது. அவை படலத்தின் மேல் இல்லை, அடியில் பெயிண்டில் இருப்பவை. ஒட்டுவதற்கு முன்பே இருந்த கீறலாக இருக்கலாம். ஒட்டும்போது கத்தி பட்ட கோடாகவும் இருக்கலாம். இவற்றுக்கு மேலிருந்து வைத்தியம் கிடையாது. இதனால்தான் காரை ஒட்டக் கொடுக்கும் முன்பு, நல்ல வெளிச்சத்தில் நாலு பக்கமும் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

வெயிலே முதல் வைத்தியர்

நம் ஊரில் இந்த வைத்தியத்துக்குக் காசு வேண்டாம். சித்திரை வெயிலில் ஒரு கறுப்புக் காரின் பானட் 60 டிகிரி சென்டிகிரேடுக்கு மேலேயே போகும். கை வைத்தால் சுட்டுவிடும். அந்தச் சூடு போதும். கழுவித் துடைத்த காரை, கீறல் பட்ட பக்கம் வெயில் விழும்படி இரண்டொரு மணி நேரம் நிறுத்தினால் மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை மங்கி மறையும். வெள்ளைக் கார் அவ்வளவு சூடேறாது. அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை! தெருவோரத்தில் வெயிலில் காயும் காரின் கீறல் தானே ஆறிவிடுகிறது. அடுக்குமாடிக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் நிழலில் பத்திரமாக நிற்கும் காரின் கீறலோ அப்படியே நிற்கிறது. ஊட்டி, கொடைக்கானல் வாசிகளுக்கும் இதே நிலைதான்.

அப்படிப்பட்டவர்களுக்கு வெந்நீர் வைத்தியம். தண்ணீரைக் கொதிக்க வைத்து, கொதி அடங்கிய பிறகு, கீறல் மேல் மெதுவாக ஊற்ற வேண்டும். 60, 70 டிகிரிச் சூடு போதும். பானட் போன்ற படுக்கையான இடத்தில் ஊற்றலாம். கதவில் ஊற்றினால் வழிந்து ஓடிவிடும். அங்கே கெட்டியான துண்டை வெந்நீரில் நனைத்து, சற்று நேரம் ஒத்திப் பிடிக்க வேண்டும். சில நிமிஷங்களில் பலன் தெரியும். ஒரு தடவையில் குறைந்து, இரண்டாம் தடவையில் மறைவதும் உண்டு.

ஜாக்கிரதை! குழந்தைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்வது நல்லது. குளிர்ந்து கிடக்கும் கண்ணாடி மேல் வெந்நீர் படக்கூடாது, விரிசல் விழலாம்.

தலைமுடி உலர்த்தும் டிரையரையும் உபயோகிக்கலாம். ஒரு சாண் தூரத்தில் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒட்டும் கடைகளில் வைத்திருக்கும் "ஹீட் கன்" வேறு ஜாதி. பல நூறு டிகிரி உஷ்ணத்தைக் கக்கும். பழகாத கையில் அது படலத்தைப் பொசுக்கிவிடும், ஓரங்களைக் கிளப்பிவிடும். பெயிண்டும் கெடும். அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடுவது உத்தமம்.

துடைத்தவர் மேல் குற்றமா?

கீறல் விழுந்ததும் எழும் முதல் கேள்வி, "யார் செய்தது?" என்பதுதான். பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலையில் நடக்கும் பேச்சு இது:

"ஏம்ப்பா, பானட் பூராவும் வட்டம் வட்டமா கோடு போட்டிருக்கே. என்னத்தைப் போட்டுத் துடைச்சே?"

"சாதாத் துணிதான் சார். தினமும் துடைக்கிறதுதானே."

"இதுக்கு எவ்வளவு செலவு பண்ணியிருக்கேன் தெரியுமா? இந்த மாசச் சம்பளத்தில் பிடிச்சாத்தான் உனக்குப் புத்தி வரும்!"

விடியற்காலையில் எழுந்து, வீட்டுக்கு வீடு சொற்ப மாதச் சம்பளத்துக்குக் கார் துடைப்பவருக்கு அந்தப் பணம் பெரிது. அவர் மேல் தவறு உண்டா என்று பார்ப்போம்.

முதலாவது, அந்த வட்டங்கள் வட்டங்களே அல்ல! மெல்லிய கீறல்கள் எல்லாத் திசையிலும் தாறுமாறாக விழுந்து கிடக்கும். சூரியனோ விளக்கோ பிரதிபலிக்கும் இடத்தில், அந்த வெளிச்சப் புள்ளியைச் சுற்றி வளைய வாக்கில் அமைந்த கீறல்கள் மட்டும் மின்னுகின்றன. அதனால் சிலந்தி வலைபோல் தோன்றுகிறது. தலையை நகர்த்திப் பாருங்கள், வட்டமும் கூடவே நகரும். ஆகவே வட்டத்தை வைத்து, "இவர்தான் கையைச் சுற்றித் துடைத்தார்" என்று தீர்ப்புச் சொல்ல முடியாது.

இரண்டாவது, கீறுவது துணி அல்ல; துணிக்கும் காருக்கும் இடையில் சிக்கும் தூசி. தெருத் தூசியில் நுண்ணிய மணல் கலந்திருக்கிறது. மணல், மேற்பூச்சைவிடக் கடினமானது. உலர்ந்த தூசியின் மேல் உலர்ந்த துணியை ஓட்டினால் யார் ஓட்டினாலும் கீறல் விழும். சொந்தக்காரரே ஓட்டினாலும் விழும்!

துடைப்பவர் ஏன் தண்ணீர் ஊற்றவில்லை? தண்ணீர்ப் பஞ்சத்தால் குழாய் வைத்துக் கார் கழுவக் கூடாது என்று பல குடியிருப்புகளில் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஒரு வாளித் தண்ணீரும் ஒரே துணியும் கொண்டு வரிசையாகப் பல கார்களைத் துடைக்க வேண்டியிருக்கிறது. முதல் காரின் மண் அடுத்த காருக்குப் போகிறது. குற்றம் கையில் இல்லை, ஏற்பாட்டில் இருக்கிறது.

இதற்கு வழி கஷ்டமானது அல்ல. காரின் சொந்தக்காரர் தன் காருக்கென்று நாலைந்து மைக்ரோஃபைபர் துணிகள் வாங்கிக் கொடுக்கலாம். துடைக்கும் முன்பு ஒரு சொம்புத் தண்ணீரையாவது மேலிருந்து வழியவிட்டுத் தூசியை இறக்கச் சொல்லலாம். இரண்டு வாளி இருந்தால் ஒன்றில் சோப்பு நீர், மற்றொன்றில் துணியை அலசும் நீர். தினமும் வறட்டுத் துடைப்பு வேண்டாம். வாரத்துக்கு இரண்டு தரம் ஒழுங்காகக் கழுவினால் போதும். கீழே விழுந்த துணி மறுபடி கார் மேல் ஏறக்கூடாது. இவ்வளவுதான்!

பாலிஷ் எப்போது?

சூட்டுக்கும் மசியாத கீறல் என்றால் பாலிஷ் போடலாமா? போடலாம். ஆனால் அது கடைசி வைத்தியம். அனுபவசாலியின் கையால் நடக்க வேண்டியது.

பெயிண்டைத் தேய்க்க உபயோகிக்கும் கரகரப்பான "காம்பவுண்டு" படலத்துக்கு ஆகாது. கம்பளிப் பேடும் ஆகாது. மிக நைசான பாலிஷ், மிருதுவான ஃபோம் பேட், குறைந்த வேகம், இவை போதும். படலத்தின் ஓரத்துக்குப் பக்கத்தில் மெஷின் போகவே கூடாது. விளிம்பு சுருண்டு எழும். அதிகம் தேய்த்தால் நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் மேற்பூச்சு தீர்ந்துபோகும். பிறகு அந்த இடம் மங்கும், கறை பிடிக்கும், ஆறும் சக்தியும் போய்விடும். பளபளப்பில்லாத "மேட்" ரகப் படலத்துக்குப் பாலிஷ் அறவே கூடாது. தேய்த்த இடம் மட்டும் திட்டாக மின்னி, கீறலைவிட அசிங்கமாகத் தெரியும்.

படலம் வெட்டுப்பட்டுவிட்டால் மாற்றுவது ஒன்றே வழி. அதற்காகக் கார் முழுவதும் உரிக்க வேண்டியதில்லை. பானட்டுக்கு ஒரு துண்டு, பம்பருக்கு ஒரு துண்டு, கதவுக்கு ஒரு துண்டு என்று தனித்தனியாகவே ஒட்டியிருப்பார்கள். பட்ட துண்டை மட்டும் சூடு காட்டி உரித்து, புதிதாக ஒட்டலாம். தள்ளிப் போட வேண்டாம். வெட்டு வழியாகத் தண்ணீரும் தூசியும் புகுந்து, கறுப்புக் கோடாகப் படியும்.

அதே சமயம், உரித்ததும் அடியில் பெயிண்ட் கீறலின்றிப் புதிதாக இருந்தால் வருத்தப்பட ஒன்றுமில்லை. அடியைத் தான் வாங்கிக்கொள்வதற்காகத்தான் அந்தச் சட்டையை மாட்டினோம். சட்டை கிழிந்தது, தோல் பிழைத்தது!

போலிகள் உஷார்

சூடு காட்டியும் எந்தக் கீறலுமே மறையவில்லை என்றால், படலத்தின் ஜாதியையே சந்தேகிக்க வேண்டும். பாலியூரித்தேன் என்று சொல்லி மலிவான பி.வி.சி. படலத்தை ஒட்டிவிடுவதும் உண்டு. பி.வி.சி. அதிகம் மீளாது. அதை மிருதுவாக்கக் கலந்த பொருள் நாளடைவில் வெளியேற, மஞ்சள் பூத்து, விறைத்து, வெடிக்கும்.

வாங்கும் முன்பே கண்டுபிடிக்கலாம். வெட்டிப் போட்ட துண்டு ஒன்றைக் கடையில் கேட்டு வாங்கி, இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள். பாலியூரித்தேன் ரப்பர்போல் நீண்டு, விட்டதும் திரும்பும். பி.வி.சி. இழுத்த இழுப்பில் நின்றுவிடும், வெளுக்கவும் செய்யும்.

கடைகளில் பித்தளைக் கம்பி பிரஷால் படலத்தைக் கீறி, வெந்நீர் ஊற்றி மறைய வைத்துக் காட்டுவார்கள். அது மோசடி அல்ல, உண்மைதான். ஆனால் அந்தப் பிரஷ் போடுவது மெல்லிய கீறல் என்பதை நினைவில் வையுங்கள். சாவிக் கீறலும் அப்படியே மறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். படலத்துக்குப் பல வருஷ உத்தரவாதம் கொடுப்பார்கள். அது பொதுவாக மஞ்சளாவதற்கும், வெடிப்பதற்கும், உரிவதற்கும்தான். கல் பட்ட காயமும் சாவிக் கீறலும் அதில் சேருமா என்பதைக் காகிதத்தில் படித்துப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். மேலே செராமிக் கோட்டிங் போட்டால் அழுக்கு எளிதில் ஒட்டாது, கழுவுவது சுலபம். ஆனால் கீறலை ஆற்றுவது அதன் வேலை அல்ல.

மொத்தத்தில் முறை இதுதான்: கழுவு, நகத்தால் பார், சூடு காட்டு, பொறுத்திரு. அதற்கும் போகாவிட்டால்தான் கடைக்காரர். இந்த வரிசையை மாற்றித் தேய்ப்பதில் ஆரம்பிப்பவர்களுக்கே நஷ்டம் வருகிறது.

நாளைக் காலையில் உங்கள் கார் மேல் மெல்லிய கோடுகளைக் கண்டால், துடைப்பவரைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்பு காரைக் கழுவி வெயிலுக்கு நகர்த்துங்கள். மத்தியானம் வரை பொறுங்கள். பெரும்பாலும் விசாரணைக்கே வேலை இருக்காது. அவருடைய சம்பளம் முழுசாக அவர் வீட்டுக்குப் போய்ச் சேரும்!